முந்நூறில் வைத்த தண்ணீர்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. ஆனால் ஃபில்டர் தொழிலில் இருக்கிற எவனைக் கேட்டாலும் "முந்நூறு" என்று சொன்னால்தான் தெரியும். "முந்நூறு வந்துட்டுப் போயிட்டாரா?" என்பான் சாமான் கடைக்காரன். "அது முந்நூறு கை வச்ச மிஷின், நாம தொட வேணாம்" என்பான் இன்னொரு மெக்கானிக். ஆளும் அதை ஒரு பட்டம் மாதிரி சுமந்துகொண்டுதான் திரிந்தார்.

பெயர் வந்த கதை சின்னது. ஆர்.ஓ. மிஷினில் தண்ணீர் முதலில் பஞ்சுக்குள் நுழையும், பிறகு கரிக்குள் நுழையும், கடைசியில் மெம்பரேன் என்கிற சவ்வுச் சுருளுக்குள் மோட்டார் அதைப் பிடித்துத் தள்ளும். அந்தச் சவ்வு உப்பையும் கசடையும் ஒரு குழாய் வழியாக வெளியே துப்பிவிட்டு, வெறும் தண்ணீரை மட்டும் தொட்டிக்கு அனுப்பும். வெறும் தண்ணீர் என்றால் நிஜமாகவே வெறும் தண்ணீர். குடித்தால் வாயில் ஒன்றுமே நடக்காது. இத்தனை வருஷம் மண்ணிலிருந்து வந்த தண்ணீரைக் குடித்துப் பழகிய நாக்குக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

அதற்காகவே மிஷினுக்குள் ஒரு மூலையில் சின்னத் திருகு ஒன்று வைத்திருப்பார்கள். கம்பெனிக்காரன் அதற்கு நீளமாக ஒரு பேர் அச்சடித்திருப்பான். மெக்கானிக்குகளுக்கு அது டேஸ்ட் ஸ்க்ரூ. அதைத் திறந்துவிட்டால் சவ்வுக்குள் போகாத தண்ணீர் கொஞ்சம் குறுக்கு வழியாக வந்து சுத்தத் தண்ணீரோடு கலக்கும். வாய்க்கு ருசி வந்துவிடும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் நூறு காட்டினால் நிறுத்திவிடுவார்கள். இவர் முந்நூறில்தான் நிறுத்துவார். "ஐநூறு வரைக்கும் குடிக்கலாம்னு மீட்டர் டப்பாவிலேயே போட்டிருக்கான். அப்புறம் எதுக்குப் பயந்து சாகணும்?" என்பார்.

சிரித்த முகத்தை அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. வீட்டுக்குள் வந்தால் நேராக அடுப்படி. செருப்பைக் கழற்றும்போதே "கரண்டை அணைங்க" என்பார். அதுதான் வணக்கம், அதுதான் நலம் விசாரிப்பு. மூடியைக் கழற்றி, பஞ்சு ஃபில்டரை உருவி, பழுப்பேறி வழவழவென்று இருக்கிற அதை வீட்டுக்காரர்களின் மூக்குக்கு நேராகப் பிடிப்பார்.

"இதைத்தான் இவ்வளவு நாளா குடிச்சிருக்கீங்க."

"ஐயோ, கிட்ட கொண்டு வராதீங்க."

"குடிக்கும்போது கிட்ட வந்துச்சில்ல?"

இப்படிப் பேசுகிற ஆளை எதற்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்றால், வேலை சுத்தம். அவர் மாட்டிய குழாயில் ஒரு சொட்டு கசியாது. கடைசியில் அந்தத் திருகு. ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தி, வேறு ஆள் வந்து சர்வீஸ் செய்த தண்ணீரை வாயில் வைத்துவிட்டு, "இது என்ன, ஆஸ்பத்திரியில மாத்திரை முழுங்கக் கொடுக்கிற தண்ணி மாதிரி இருக்கு. அந்தக் கோபக்காரரையே கூப்பிடு" என்று மகனை விரட்டினாளாம். கோபக்காரர் போய் அரைச் சுற்று திருகிவிட்டு வந்தார். டீச்சரம்மா ஒரு டம்ளர் முழுக்கக் குடித்து, உதட்டைத் துடைத்து, "இப்பத்தான் தண்ணி" என்றாள். அன்றைக்கு அவர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் இருந்தது என்று சொல்கிறார்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் போர் மோட்டார் இறக்கி ஏற்றுகிற ஆளாக இருந்தார். வெயிலில் நின்று இரும்புக் குழாயைத் தோளில் தாங்கித் தாங்கி, வலது தோள் ஒரு பக்கம் சாய்ந்தே போய்விட்டது. ஒருநாள் சங்கிலி நழுவி இரண்டு விரல் நசுங்கியது. டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, "இனிமே கனமான வேலை கூடாது" என்று சொல்லி அனுப்பினார். கனமில்லாத வேலை எங்கே இருக்கிறது என்று தேடியபோது ஃபில்டர் கிடைத்தது. ஒரு பையில் அடங்குகிற தொழில். திருப்புளி, ஸ்பானர், டேப், நாலு வாஷர், அந்த மீட்டர். பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்றவர். ஆனால் மீட்டர் காட்டுகிற எண்ணைப் படிக்க அஞ்சாவது போதும்தானே.

அந்த எண்ணை அவர் நம்பினார். சாமி கும்பிடுகிறவன் சாமியை நம்புகிற மாதிரி, எதிர்க்கேள்வி இல்லாமல். தண்ணீரில் என்னென்ன உப்பு இருக்கிறது என்று அது சொல்லாது, எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக எவ்வளவு என்றுதான் சொல்லும். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் அதுவரைக்கும் வரவில்லை.

மனைவி வாயாடி. "ஊர்த் தண்ணியெல்லாம் குடிச்சுக் குடிச்சு ருசி சொல்றாரு. நான் ஆக்கிப் போடறதுக்கு மட்டும் ஒரு நாளும் அந்த நாக்கு வெளிய வந்ததில்ல" என்பாள். "நல்லா இருந்தா சொல்லமாட்டேனா?" என்பார் அவர். பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரம்தான் பேசும்.

பிள்ளை ஒரே மகள். அவளிடம் மட்டும் குரல் இறங்கும். ஊரே "வாங்க போங்க" என்றாலும் முறைக்கிற ஆள், அவள் "அப்பா, இங்க வாயேன்" என்றால் போட்டது போட்டபடி போவார். அவளை ஒரு அச்சகத்தில் பேப்பர் வெட்டுகிற மிஷின் ஓட்டுகிறவருக்குக் கட்டிக்கொடுத்தார். நல்ல பையன், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய அம்மா இருந்தாள். அந்தச் சம்பந்தியம்மாவின் வாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். திட்டமாட்டாள், சத்தம் போடமாட்டாள். நயமாகச் சொல்வாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கே குத்தியது என்று தெரியும்.

அவர்கள் இருந்தது ஒரு நெருக்கமான தெருவில் கீழ்வீடு. மதிலை ஒட்டிப் போர். மதிலுக்கு அந்தப் பக்கம் நாலு குடித்தனத்துக்கும் பொதுவான கக்கூஸ் குழி. குழிக்கும் போருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருக்கும். அந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது, நாறவில்லை, கரிக்கவும் இல்லை. மகள் குடித்தனம் போன முதல் வாரமே அவர் புது மிஷின் ஒன்றைக் கொண்டுபோய், புது மெம்பரேன் போட்டு, தன் கையாலேயே மாட்டிக் கொடுத்தார். அப்போது திருகைத் திறக்கவில்லை. புது மிஷின் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விட்டிருந்தார்.

பெண்பிள்ளை பிறந்தது. பிறந்து கொஞ்ச நாளில் மகளுக்கு மார்பில் கட்டி வந்து, காய்ச்சல் அடித்து, அறுத்து மருந்து வைத்தார்கள். பால் வற்றிவிட்டது. டப்பாப் பாலுக்கு மாறினார்கள். சம்பந்தியம்மா, "பரவாயில்ல, விடு. எல்லாரும் குடுத்து வச்சவங்களாவா இருக்காங்க?" என்றாள். ஆறுதல்தான் சொன்னாள். மகள் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

அதிலிருந்து அந்தப் பிள்ளைக்குப் பால் கலக்குவது அவளுக்கு ஒரு பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. பாட்டிலைக் கொதிக்க வைத்து, ரப்பரைக் கொதிக்க வைத்து, ஃபில்டர் தண்ணீரையும் கொதிக்க வைத்து. ஒரு கொதி போதும் என்று சொன்னால் கேட்கமாட்டாள். பாத்திரத்தில் பாதியாகச் சுண்டுகிற வரைக்கும் அடுப்பிலேயே கிடக்கும். யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கோடை முற்றியிருந்த சமயம் அவர் பேத்தியைப் பார்க்கப் போனார். பிள்ளை மடியில் கிடந்து, அவருடைய சட்டைப் பையில் செருகியிருந்த மீட்டரைப் பிடிக்கக் கை நீட்டியது. "பார்றா, இப்பவே தொழிலுக்கு வரேங்குது" என்றார். அந்த வீட்டில் அவர் சொன்ன ஒரே தமாஷ் அதுதான்.

மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார்.

"சப்புன்னு இருக்கில்லப்பா?" என்றாள் மெதுவாக. "இவருக்கும் பிடிக்கல. அத்தை வெளியில இருந்து குடத்துல கொண்டாந்து குடிக்கிறாங்க."

உள்ளே இருந்து சம்பந்தியம்மா வந்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்தி. ஊருக்கெல்லாம் தேனாட்டம் தண்ணி வச்சுக் குடுக்கிறீங்கன்னு சொல்றாங்க. சொந்த வீடுன்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கத்தானே செய்யும்."

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய், "கரண்டை அணை" என்றார். மூடியைக் கழற்றித் திருகைத் திறந்தார். அந்தப் போர்த் தண்ணீரில் அவ்வளவு உப்புக் கனம் இல்லாததால் முந்நூறைத் தொட நிறையத் திருக வேண்டியிருந்தது. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி போர்த் தண்ணீர். திருகினார். மீட்டரை முக்கினார். முந்நூறு. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்தாள்.

"ம். இது தண்ணி."

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மகள் வாசல் வரைக்கும் வந்தாள். கல்யாணமாகி வந்த பிறகு அந்த வீட்டில் அவள் ஜெயித்த முதல் ஆட்டம் அது. முகத்தில் தெரிந்தது.

அடுத்த வாரத்துக்குள்ளேயே போன் வந்தது. ஒரு வீட்டில் மிஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, குட்டி ஒரு மாதிரி இருக்கா. உதடெல்லாம் மை தொட்ட மாதிரி இருக்கு. நகம் கூட. துடைச்சுப் பார்த்தேன், போகல. அழக்கூட மாட்டேங்கறா. ஆஸ்பத்திரிக்குப் போறோம், வா."

பிரித்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அந்த வீட்டுக்காரர் "ஏங்க, தண்ணிக்கு என்ன பண்றது?" என்று கத்தினது காதில் விழவில்லை.

சின்ன ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ். பிள்ளையின் முகத்தில் ஆக்சிஜன் மூடி வைத்திருந்தார்கள். முகம் சாம்பலும் நீலமுமாக, ஈரச் சிமெண்ட் நிறத்தில் இருந்தது. மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை அச்சகத்திலிருந்து கை முழுக்க மையோடு ஓடி வந்திருந்தார். அந்தக் கையால் பிள்ளையைத் தொடப் பயந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா ஊசியில் கொஞ்சம் ரத்தம் எடுத்தாள். ஒரு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, காற்றில் ஆட்டிக்கொண்டே இருந்தாள். சிவக்கவில்லை. கறை பிடித்த டீத்தண்ணீர் மாதிரி பழுப்பாகவே நின்றது.

"காத்து குடுத்தும் நிறம் மாறல. ரத்தமும் இப்படி இருக்கு" என்றாள். "பிள்ளைக்கு என்ன பால்? எந்தத் தண்ணியில கலக்கறீங்க? போர் தண்ணியா?"

"இல்ல டாக்டர், ஃபில்டர் தண்ணி. ஆர்.ஓ." என்றாள் மகள். "எங்கப்பாவே மாட்டினது. அதையும் காய்ச்சித்தான் குடுக்கறேன்."

டாக்டரம்மா யோசித்தாள். "கக்கூஸ் குழித் தண்ணி போர்ல இறங்கினா அதுல ஒரு உப்பு சேரும். பெரியவங்களை ஒண்ணும் பண்ணாது. கைப்பிள்ளை குடிச்சா ரத்தம் இப்படி ஆகும். நிறம், வாசனை, ருசி எதுலயும் தெரியாது. ஆனா ஆர்.ஓ. தண்ணின்னா அது பெரும்பாலும் வடிஞ்சு போயிடும். அப்ப வேற ஏதாவதா இருக்கணும். நெஞ்சுல பிறவிக் கோளாறா இருக்கலாம்." அவரைப் பார்த்தாள். "நீங்கதான் மெக்கானிக்கா? மிஷின் நல்லாத்தானே ஓடுது?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, அவருக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்த மனைவி.

"நல்லாத்தான் ஓடுது" என்றார்.

பொய் என்று சொல்ல முடியாது. மிஷின் நன்றாகத்தான் ஓடியது.

"எதுக்கும் அந்தத் தண்ணியில ஒரு பாட்டில் பிடிச்சுட்டு வாங்க. முக்கிப் பார்க்க அட்டை இருக்கு, உடனே தெரிஞ்சிடும். அந்த உப்புன்னா அதுக்கு ஒரு மருந்து இருக்கு. ஆனா வேற நோய்க்காரப் பிள்ளைக்கு அதை ஏத்தினா அதுவே வினையாயிடும். பார்த்துட்டுத்தான் ஏத்தணும். தண்ணி சரியா இருந்தா வண்டி வச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். சீக்கிரம் போங்க."

வீடு ரொம்ப தூரம் இல்லை. வண்டியில் போகும்போதுதான் டாக்டரம்மா சொன்னது ஒவ்வொன்றாக அவருக்குள் இறங்கியது. ருசியில தெரியாது. "அப்ப மீட்டர்ல தெரியுமா?" என்று வாய்விட்டே கேட்டார். பக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன் திரும்பிப் பார்த்தான்.

அடுப்படியில் மிஷின் பச்சை விளக்கு எரிய நின்றது. தொட்டி நிறைந்திருந்தது. அவர் மூடியைக் கழற்றினார். கை தானாகவே திருகுக்குப் போய், இறுக மூடியது. மூடிவிட்டு நின்றார். மூடினால் மட்டும் ஆகாது என்று அவருக்குத் தெரியாதா? தொட்டியில் இருப்பது பழைய தண்ணீர். அது போனால்தான் சவ்வு வழியாக வருகிற புதுத் தண்ணீர் தொட்டியில் நிறையும். அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனால் அட்டையில் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாவிட்டால் பிறவிக் கோளாறு. அது யார் தலையிலும் விழாது.

தன் மானத்துக்காக மட்டும் இல்லை என்று அப்போது அவர் நினைத்துக்கொண்டார். இது வெளியே வந்தால் அந்த மாமியார் வாய்க்கு மகள் ஆயுசு முழுக்கத் தீனி. உங்கப்பன் கைவேலை, உங்கப்பன் கைவேலை என்று நயமாகக் கேட்டுக்கொண்டே இருப்பாள். மகளுக்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டார்.

தண்ணீர் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் விழுந்து ஓடியது. மெல்லிய குழாய், மெதுவாகத்தான் விழும். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த பால் பாட்டில் ஒரு துணிமேல் இருந்தது. போன் அடித்தது. மாப்பிள்ளை. எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. மறுபடியும் எடுக்கவில்லை. மிஷின் தொட்டியில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது.

மூன்றாவது தடவை போன் அடிக்கும்போதுதான் புத்தியில் ஒன்று உறைத்தது. இந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று காட்டினால், பிள்ளையை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு இல்லாத நெஞ்சுக் கோளாறைத் தேடிப் போவார்கள். கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காது. இவ்வளவு சாதாரணமான விஷயம் இவ்வளவு நேரம் ஏன் தெரியவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை. குழாயைப் படாரென்று மூடினார். தொட்டியில் மிச்சமிருந்ததை ஒரு பாட்டிலில் பிடித்தார். அவசரத்தில் பாதி தரையில் போனது.

திரும்பிப் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் மனைவி நின்றாள்.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச? பிள்ளைக்கு வலிப்பு வந்துடுச்சு."

அவர் உள்ளே ஓடிப் பாட்டிலை டாக்டரம்மா கையில் கொடுத்தார். "திருகு திறந்திருந்துச்சும்மா. நான்தான் திறந்து வச்சேன். பாதிப் போர்த் தண்ணி அதுல. ருசிக்கு." அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். டாக்டரம்மா அட்டையை முக்கினாள். அது ரோஜா நிறமாகி, அதற்கும் மேலே போய், பீட்ரூட்டை நசுக்கிய நிறத்தில் நின்றது. அவள் அவரைத் திட்டவில்லை. நேரமில்லை. நர்ஸைப் பார்த்துச் சத்தம் போட்டாள், மருந்து வந்தது. நீல மை மாதிரி இருந்த மருந்தை அந்த நீலப் பிள்ளைக்குள் மெதுவாக ஏற்றினார்கள்.

பொழுது சாய்வதற்குள் உதடு சிவந்துவிட்டது. நகம் சிவந்தது. பிள்ளை பெலனில்லாமல் அழுதது. மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா, "ரத்தம் சரியாயிடுச்சு. ஆனா வலிப்பு வந்திருக்கு. மூளைக்குக் காத்து எவ்வளவு நேரம் பத்தாம இருந்துச்சுன்னு தெரியல. போகப் போகத்தான் பார்க்கணும்" என்றாள். பிறகு மகளிடம், "நீங்க ரொம்ப நேரம் காய்ச்சுவீங்களாம்மா? காய்ச்சினா கிருமிதான் சாகும். இந்த உப்பு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும்" என்றாள். தெரிந்துகொள்ளட்டும் என்று சொன்னதுதான். மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாப்பிள்ளை அவரைத் தாழ்வாரத்தில் மறித்தார். "ஏன் மாமா, முதல்ல கேட்டப்பவே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் திரும்பி நடந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. சம்பந்தியம்மாவோ, அவர் பயந்த மாதிரி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. "நானும்தானே கேட்டேன்" என்று ஒரே ஒரு தடவை அடுப்படிச் சுவரைப் பார்த்துச் சொன்னாளாம்.

ஊரில் அவர் தெருத் தெருவாகப் போனார். போர்த் தண்ணீர் எடுக்கிற வீடு, கைப்பிள்ளை இருக்கிற வீடு என்று கேட்டுக் கேட்டுப் போய்த் திருகை மூடினார். "எதுக்குங்க, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார்கள். காரணத்தைச் சொன்னார். கேட்டவர்களில் பாதிப் பேர் பயந்தார்கள், பாதிப் பேர் வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டு மறுபடி திறந்துகொண்டார்கள். டீச்சரம்மா, "எனக்கு இந்த வயசுல எந்த உப்பு என்ன பண்ணிடும்? திறந்துவிட்டுப் போ" என்றாள். அவர் மூடிவிட்டுத்தான் வந்தார். அதோடு அந்த வீட்டு வேலை போனது.

மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, வாரத்தில் ஒருநாள் மகள் வீட்டுக்குப் போவார். பிள்ளை வளர்ந்தது. உடம்புதான் வளர்ந்தது. தலை நிற்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. கண் ஜன்னல் வெளிச்சத்தில் போய் நின்றால் அங்கேயே நிற்கும். அந்த வயதுப் பிள்ளைகள் எதிர்வீட்டில் தவழ்ந்து படி இறங்கின. அவர் பேத்தியை மடியில் போட்டு, கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகள் பக்கத்தில் ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பாள். அவள் அப்பாவிடம் முகம் சுளிக்கவில்லை. சாப்பிட்டியா, தோள் வலிக்குதா என்றுதான் கேட்பாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எந்த நேரமும் குட்டியைத் தூக்கி வைத்து இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்திருந்தது. திடீரென்று சொன்னாள்.

"நான்தான்ப்பா."

"என்னம்மா?"

"நான்தான் காய்ச்சிக் காய்ச்சிக் குடுத்தேன். நீ திறந்து வச்சது பெரியவங்க குடிக்க. நான் அதை எடுத்து விஷமாக்கி அவ வாயில ஊத்தியிருக்கேன். யார்கிட்ட சொன்னாலும் இல்ல இல்லங்கறாங்க. ஆனா எனக்குத் தெரியும். பெத்தவ கையால."

"பைத்தியம் மாதிரிப் பேசாத."

"டாக்டரே சொன்னாங்கப்பா."

அவர் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். அது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருந்தால் தப்பித்திருப்பார். கேட்பதற்கு ஒருத்தரும் இல்லை. ஆனால் அவள் தலையில் ஏற்றிக்கொண்டிருப்பதில் அவருடைய பங்கும் இருந்தது. அதை அவள் சுமக்க அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

"அன்னைக்குத் தண்ணி பிடிக்க வந்தேனில்ல" என்றார். "எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. வர்ற வழியிலயே தெரிஞ்சுபோச்சு. திருகை மூடிட்டு, தொட்டியைத் திறந்துவிட்டேன். பழைய தண்ணி போகட்டும்னு. அட்டையில தெரியாம இருக்கட்டும்னு."

அவள் கையில் பிள்ளையின் சட்டை ஒன்று பாதி மடித்தபடி நின்றது.

"போன் வந்துச்சு. உன் வீட்டுக்காரரு மூணு தடவை அடிச்சாரு. எடுக்கல. தண்ணி போறதைப் பார்த்துட்டு நின்னேன். பாதித் தொட்டி போச்சு. அப்புறம்தான் மூடினேன். அந்த நேரத்துலதான் அங்க குட்டிக்கு வலிப்பு வந்திருக்கு. காய்ச்சினது தெரியாமக் காய்ச்சின. நான் தெரிஞ்சு நின்னேன்."

மகள் அந்தச் சட்டையை மடித்து, மற்றதன் மேல் வைத்து, உள்ளங்கையால் நீவினாள். பிறகு எழுந்து வந்து குனிந்து, பிள்ளையின் கழுத்துக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, அவருடைய கையை விலக்கினாள். முரட்டுத்தனமாக இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தாள். தலையைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

"இதை நான் அவர்கிட்ட சொல்லமாட்டேன். அத்தைகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். "அம்மாவை அனுப்பு. நீ இனிமே வராதப்பா."

அவர் எழுந்தார். சாய்ந்த தோளோடு சட்டையைச் சரிசெய்துகொண்டார். செருப்பில் கால் சரியாக நுழையவில்லை, இரண்டு தடவை தடுமாறியது. வாசலைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தார். மகள் முதுகைக் காட்டி நின்று பிள்ளைக்குத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா கிளம்பினால் வாசல் வரைக்கும் வருகிறவள், அன்றைக்கு வரவில்லை.